ரோட்டைக் காணாத ஒப்படை: யுத்த காலத்தில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சாமானும் சனமும் எப்படிப் போனது?

வந்தாறுமூலை வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறேன், வீடு களுவாஞ்சிகுடிப் பக்கம். எங்களுக்கு ஒரு ஒப்படை தந்திருக்கிறார்கள். யுத்தம் நடக்கும்போது ஒரு பிராந்தியத்தின் வீதிப் போக்குவரத்து எப்படி மாறுகிறது, அதற்குள் வளர்ச்சிக்கு இடம் இருக்கிறதா என்று எழுத வேண்டும். உதாரணம் உக்ரைன்.

தேடி வாசித்து எழுதினேன். 2022 பெப்ரவரி 24 அன்றே விமானப் பாதை மூடப்பட்டது. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. கப்பலில் போன தானியம் லொறிக்கும் ரயிலுக்கும் மாறியது. மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் தரைவழியாகச் சாமான் எடுக்கத் தனி ஏற்பாடு அறிவித்தது. ஜூன் 29இல், உக்ரைன் லொறிகளுக்குப் பழைய அனுமதிப்பத்திரம் வேண்டாம் என்று ஒப்பந்தம் கையெழுத்தானது. 12 பக்கம் வந்துவிட்டது.

அப்பாவிடம் காட்டினேன். முழுக்க வாசித்துவிட்டு, "இதில ரோட்டையே காணல்லையே புள்ள" என்றார். அப்புறம், "பட்டிருப்புப் பாலத்தடியில சீமெந்துப் பையை இறக்கி ஏத்தின கதை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அவர் அப்படித்தான்.

நான் பிறந்தது 2003. செக்பொயின்ட் எனக்கு மங்கலான ஞாபகம், அவ்வளவுதான். 1990க்கும் 2007க்கும் இடையில் எங்கள் ரோட்டுகளில் என்ன ஓடியது, எது குறைந்தது, கூலி எப்படி ஏறியது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புத்தகத்தில் இருப்பது வேண்டாம்.


பழைய கிளீனர்:

உன் அப்பா விஷயம் தெரிந்த ஆள்.

நான் 1992இல் இருந்து 2005 வரை லொறியில் நின்றவன். கடைசி ஆறு வருடம் சாரதி. ஆனாலும் ஊரில் இன்றைக்கும் கிளீனர் என்றுதான் கூப்பிடுவார்கள், அது கிடக்கட்டும்.

முதலில் கிலோமீட்டரை மறந்துவிடு புள்ள. மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்கு 300 சொச்சம் கிலோமீட்டர். இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறினால் விடியும்போது புறக்கோட்டை. அன்றைக்கும் அதே 300தான். ஆனால் எங்கள் முதலாளி தூரத்தைக் கேட்கவே மாட்டார். "எத்தனை இறக்கு?" என்றுதான் கேட்பார். சோதனைச் சாவடியில் லொறிச் சாமான் முழுவதையும் நிலத்தில் இறக்கி, பார்த்து முடிந்த பிறகு திரும்ப ஏற்றுவதுதான் ஒரு இறக்கு. அதற்கு மூட்டை தூக்குகிற நாட்டாமைமாரின் கூலி வேறு, நேரம் வேறு. அரிசி மூட்டைக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பார்கள். குத்தின ஓட்டையால் சிந்துகிற அரிசி யார் கணக்கில் போகும் என்று ஒவ்வொரு தடவையும் சண்டை. மாப் பை என்றால் கதை முடிந்தது.

வாடகையை முதலாளி போட்டது தூரத்துக்கும் இல்லை, பாரத்துக்கும் இல்லை, இறக்குக்கு. பத்து நாளில் நாலு இறக்கு ஆறாகும். வாடகையும் ஏறும். பிறகு ஒன்றைக் குறைப்பார்கள். வாடகை குறையாது! அதையும் உன் ஒப்படையில் எழுது.

புறப்படுகிற நேரமும் நம்முடைய கையில் இல்லை. காலையில் ஆமிக்காரர் ரோட்டின் இரண்டு ஓரமும் நடந்து, கண்ணிவெடி இல்லை என்று பார்த்து முடித்த பிறகுதான் 'ரோட் கிளியர்'. சில நாள் ஏழரை மணி, சில நாள் பத்து. முதல் நாள் எங்கேயாவது வெடித்திருந்தால் அன்றைக்கு ரோட்டே இல்லை. புனானையில் நிற்க வேண்டும், வெலிக்கந்தையில் நிற்க வேண்டும், மன்னம்பிட்டியில் ரயிலும் ரோட்டும் ஒரே பாலம், அங்கே ரயிலுக்காக நிற்க வேண்டும். பொழுது படுவதற்குள் பொலன்னறுவைப் பக்கம் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கு நல்ல முழிவிசளம்.

வாழைச்சேனை, கல்குடா மீன் லொறிக்காரர்தான் உண்மையில் பாவம். அரிசி காத்திருக்கும். ஐஸ் காத்திருக்குமா? வரிசையில் நிற்கும்போது லொறியின் கீழே தண்ணீர் சொட்டுகிற வேகத்தைப் பார்த்தே, இந்த மீன் கொழும்பு போகுமா, பொலன்னறுவைச் சந்தையோடு முடியுமா என்று சொல்லிவிடுவோம்.

எது கூடியது, எது குறைந்தது என்று கேட்டாய். புது லொறி குறைந்தது. யுத்தத்துக்குள் புது லொறி வாங்குகிறவனை ஊர் பைத்தியக்காரன் என்றுதான் சொன்னது. யார் எப்போது கேட்டு எடுத்துக்கொண்டு போவார்கள் என்று தெரியாது. அதனால் கிழட்டு லொறியைத்தான் ரோட்டில் விட்டார்கள். அது மலையேறாது, பாரம் இழுக்காது, ஆனால் பறிபோனால் வயிறு எரியாது. மட்டக்களப்பு கராஜ்களில் பழைய எஞ்சினை உயிர்ப்பிக்கிற கைகள் அந்தக் காலத்தில்தான் உண்டாயின.

ஒள்ளுப்பம் நீண்டுபோனது. மீதியை மற்றவர்கள் சொல்லட்டும்.


படுவான்கரை வாத்தியார்:

கிளீனர் சொன்னது பெரிய ரோட்டுக் கதை. அது எழுவான்கரைக் கதை. வாவிக்கு இந்தப் பக்கம் வேறு மாதிரி.

வெளியூர் ஆட்கள் இதை வாசித்தால் அவர்களுக்காக ஒரு வரி: மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக இருப்பது எழுவான்கரை, மேற்கே, வயலும் காடும் உள்ள பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. 1990க்குப் பிறகு கன காலம் கடலோரப் பெரிய ரோட்டு அரசாங்கத்தின் கையில், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கையில். எல்லை வாவிதான். அதைக் கடக்க வவுணதீவு, பட்டிருப்பு, செங்கலடிக் கறுப்புப் பாலம், அங்கங்கே பாதைத் துறைகள். பாதை என்றால் எங்களுக்கு ரோட்டு மட்டும் இல்லை. பீப்பாய்க்கு மேல் பலகை அடித்த மிதவை, அதற்கும் பாதை என்றுதான் பெயர்.

நான் மூன்று வருடம் எழுவான்கரையில் இருந்து பாதை ஏறி வந்து படிப்பித்தவன். காலையில் சென்றியில், அதாவது ஆமிக் காவலரணில், சைக்கிளை நிறுத்தி, அடையாள அட்டை காட்டி, பையைத் திறந்து காட்டி, கையெழுத்து வைத்து, பாதை வரும் வரைக்கும் நிற்க வேண்டும். எங்கேயோ வெடி கேட்டால் துறை மூடும். துறை மூடினால் பள்ளிக்கூடமும் மூடியதற்குச் சமன். பாடசாலை வருகைப் பதிவேட்டைப் பார்த்தே எந்த நாளில் துறை மூடியது என்று சொல்லலாம். மகள், இது உனக்கு ஒரு தரவு. பழைய பதிவேடு எங்கேயாவது கறையான் அரிக்காமல் இருந்தால் தேடிப் பார்.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன். சீமெந்து, உரம், பற்றரி, பெற்றோல், டீசல், கம்பி எல்லாம் கட்டுப்பாடு. கிராம சேவகர் கடிதம், பிரதேச செயலகக் கடிதம், கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கடிதம், அதற்கு மேல் முகாமில் ஒப்பம். மலசலகூடம் கட்ட ஐந்து பை சீமெந்து கேட்டவருக்கு இரண்டு பை கிடைக்கும், குழி வெட்டி மழையும் பெய்து முடிந்த பிறகு. இந்தப் பக்கம் வந்தால் புலிகளுடைய வரி. ஒரு மூட்டை உப்புக்கு இரண்டு அரசாங்கம்!

லொறி பாலத்தடியோடு நிற்கும். அதில் வந்ததை உழவு மெஷின் ஏற்றும். மெஷினுக்கு டீசல் இல்லாத நாளில் மாட்டு வண்டில். வண்டில் போகாத இடத்துக்குச் சைக்கிள். சைக்கிளும் உருளாத சேற்றில் தலை. சுமை சின்னதாகிச் சின்னதாகிப் போகுமே தவிர நிற்காது. உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

விறகுச் சைக்கிளை எழுதாமல் படுவான்கரை ரோட்டை எழுத முடியாது. கரியர் கம்பியை நீட்டி ஒட்டி, பின்னுக்கு ஆள் உயரத்துக்கு விறகு கட்டி, ஏறி மிதிக்க முடியாது, தள்ளிக்கொண்டே டவுனுக்குப் போவார்கள். விடியச் சாமத்தில் புறப்பட்டால் சென்றி திறக்கிற நேரத்துக்கு முன்வரிசையில் நிற்கலாம். விறகுக் கட்டையும் அவிழ்த்துக் காட்ட வேண்டும். திரும்பி வரும்போது கரியரில் சீனி, தேயிலை, பனடோல். ஒரு குடும்பத்தின் போக்குவரத்துத் துறை, சுங்கத் துறை எல்லாம் அந்த ஒரு லுமாலா சைக்கிள்தான்.


சும்மா வந்தவன்:

எல்லாம் சரி, இதை இப்போது கிளறி என்ன பயன்? இப்போது காப்பெட் ரோட். அக்கரைப்பற்றில் இருந்து ஏசி பஸ்ஸில் கொழும்பு போகிறோம். பழைய விறகுச் சைக்கிளை ஒப்படையில் போட்டால் புள்ளி வருமா?


பழைய கிளீனர்:

தம்பி, புள்ளி வராவிட்டால் நான் போடுகிறேன் நூற்றுக்கு நூறு.


கல்முனைக் காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும். வாசித்துக்கொண்டு வந்தேன், கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை.

எங்கள் வாப்பா மருதமுனையில் கைத்தறி வைத்திருந்தவர். நூல் கொழும்பில் இருந்து வர வேண்டும், சாரமும் சாரியும் கொழும்புக்குப் போக வேண்டும். வரைபடத்தைப் பார்த்தால் மட்டக்களப்பு, பொலன்னறுவை வழியாகப் போகலாம். பொத்துவில், மொனராகலை, இரத்தினபுரி என்று ஏ4 வழியாகவும் போகலாம். அம்பாறை, மகியங்கனை, கண்டி என்றும் போகலாம். மூன்று ரோட்டும் எல்லோருக்கும் பொது. ஆனால் யுத்த காலத்தில் அது பொது இல்லை. எந்த ரோட்டில் போகலாம் என்பதை அடையாள அட்டையில் இருந்த பெயர் சொன்னது.

1990 ஜூலையில், காத்தான்குடிக்குப் போகிற வழியில் குருக்கள்மடத்தில், எங்கள் முஸ்லிம் ஆட்களைப் புலிகள் வாகனங்களில் இருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு காத்தான்குடிக்குப் போவதற்கே எங்கள் வீட்டுப் பெண்கள் அழுதார்கள். கல்முனையில் இருந்து காத்தான்குடி முப்பது சொச்சம் கிலோமீட்டர். அதற்குப் பயந்து வாப்பா அம்பாறை ரோட்டைப் பிடித்தார். மகியங்கனைக்கு மேலே 18 வளைவு, வாந்தி எடுத்து எடுத்துக் கண்டிக்குப் போய், அங்கிருந்து கொழும்பு. பக்கத்து பாண்டிருப்பில் இருந்த வாப்பாவின் கூட்டாளி, தமிழர், அவருக்கு அம்பாறை ரோட்டில் போகப் பயம். அவர் மட்டக்களப்பு வழி. இரண்டு பேரும் ஒரே நாளில் புறப்பட்டு, வேறு வேறு வழியில் போய், புறக்கோட்டையில் ஒரே கடையில் சந்திப்பார்கள். நூலுக்கு விலை பேசுவதும் சேர்ந்துதான்.

உக்ரைன் பேப்பரில் இது இருக்குமா தெரியாது மகள். ரோட்டின் கொள்ளளவு என்று அளக்கிறார்களே, அதை ஆளுக்கு ஆள் வேறு வேறாக அளக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது.


அம்பாறைச் சந்தி:

காக்கா சொன்ன அம்பாறை ரோட்டில் போனவர்களுக்கும் பயம் இருந்தது. 1987 ஜூன் 2ஆம் திகதி அரந்தலாவையில் புலிகள் பஸ்ஸை மறித்துப் பிக்குகளைக் கொன்றார்கள், பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். அந்தக் காட்டு ரோட்டில் அதற்குப் பிறகு பஸ் ஓட்டியவர்களிடமும் கேட்க வேண்டும். எங்கள் சிங்கள அயலவர்களுக்கும் ரோட்டு என்றால் அந்தக் காலத்தில் அடிவயிறு கலங்கும்.


சும்மா வந்தவன்:

அப்படியென்றால் சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்ட தமிழர்களையும் எழுதுவோமா? யார் கணக்கு பெரியது என்று பார்ப்போம்.


மட்டுறுத்துநர்:

பார்க்க வேண்டாம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நாள் இருக்கிறது, அதற்குத் தனி இழைகள் இருக்கின்றன. இங்கே ரோட்டு. மேலே உள்ள பதிவுகளை அழிக்கவில்லை, ஏனென்றால் பயம் எந்த ரோட்டைத் திறந்தது, எதை மூடியது என்பதும் இந்தப் பேச்சுக்குள் அடங்கும். எண்ணிக்கைப் போட்டி வந்தால் பூட்டிவிடுவேன்.


போலந்து லொறிக்காரன்:

நான் பெரியகல்லாறு. இரண்டு வருடத்துக்கு மேல் போலந்தில் லொறி ஓட்டுகிறேன். தங்கச்சி உக்ரைன் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்தில் பார்க்கிங்கில் இருந்து அடிக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் குளிரைக் குறை சொல்லுங்கள்.

2023 நவம்பர் 6ஆம் திகதி போலந்து லொறிக்காரர்கள் உக்ரைன் எல்லையை மறித்தார்கள். நீங்கள் எழுதிய அதே ஜூன் ஒப்பந்தம்தான் காரணம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் உக்ரைன் லொறிகள் வந்து குறைந்த வாடகைக்கு ஓடுகின்றன, எங்கள் பிழைப்புப் போகிறது, பழைய பெர்மிட் முறையைத் திரும்பக் கொண்டு வா என்று கேட்டார்கள். டோரோகுஸ்க் பக்கம் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நின்றது. நாள் கணக்கில் லொறிக்குள்ளேயே படுத்தார்கள். எங்கள் அப்பா சொன்ன புனானைக் கதையை நான் பனிக்குள் பார்த்தேன்.

ஒரு வித்தியாசம். உக்ரைன்காரர் 2022இலேயே வரிசையைப் போனுக்குள் கொண்டுபோனார்கள். பதிவு செய்தால் உன் முறை எப்போது என்று தெரியும், எல்லையில் வந்து கிடக்கத் தேவையில்லை. எங்கள் ஊரில் 2022 ஜூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் வந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கியூஆர் வந்து பெற்றோல் கூடவில்லை, ஆனால் கல் வைத்து இடம் பிடித்துவிட்டு ராத்திரி முழுக்க ஷெட்டில் படுத்தது குறைந்தது. அங்கேயும் அதுதான். லொறி குறையவில்லை, எல்லை அகலவில்லை. எப்போது போகலாம் என்று தெரிந்தது. ஆனால் மறியல் வந்த நாளில் போன் என்ன செய்யும்? முறை வந்தவனும் நின்றான்.

இன்னொன்று. கிளீனர் அண்ணன் சொன்ன 'இறக்கு' அங்கேயும் இருக்கிறது. உக்ரைனில் தண்டவாளத்தின் இடைவெளி 1520 மில்லிமீட்டர், போலந்தில் 1435. ரயிலில் வந்த தானியத்தை எல்லையில் வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் சில்லுச் சட்டத்தை மாற்ற வேண்டும். யுத்தத்துக்கு முன்பும் அந்த இறக்கு இருந்தது, கப்பல் இருந்தபோது அவ்வளவு உறைக்கவில்லை. கப்பல் நின்றதும் எல்லாப் பாரமும் அந்தச் சின்னத் துவாரத்தால் போகப் பார்த்தது.

சாரதிகளும் இல்லை. 2022இல் 18இல் இருந்து 60 வயதுக்கு இடைப்பட்ட ஆண்கள் நாட்டை விட்டுப் போவதற்குக் கட்டுப்பாடு வந்தது, படையில் சேர்ந்தவர்கள் வேறு. லொறி இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. எங்கள் ஊரிலும் பொடியன்கள் ரோட்டுக்கு வர முடியாத காலம் இருந்தது என்று அம்மா சொல்லுவார். வயலுக்கும் கடைக்கும் பெண்கள்தான் சைக்கிளில் போனார்களாம்.


தயிர்க்காரி மகள்:

அண்ணா கடைசியில் சொன்னதுதான் என் கதை. அம்மாதான் எங்கள் வீட்டு லொறி. பட்டியில் கறந்து உறைய வைத்த எருமைத் தயிர், முட்டியில் ஊற்றிக் கயிற்றால் கட்டி, சைக்கிளில் இரண்டு பக்கமும் தொங்கும். சென்றியில் முட்டியின் வாயில் கட்டிய தாளை நீக்கிக் காட்ட வேண்டும். ஒரு தடவை ஒருவர் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். அந்த முட்டியை அம்மா விற்கவில்லை, வீட்டுக்குக் கொண்டு வந்தார். நாங்கள் சந்தோசமாகச் சாப்பிட்டோம், என்ன நடந்தது என்று தெரியாமல்.

வாவிக்கு மேலே மண்முனைப் பாலம் திறந்த பிறகு அம்மா ஒருநாள் அதில் நடந்து போய்விட்டு வந்தார். விற்க ஒன்றும் கொண்டுபோகவில்லை. சும்மா நடந்தார்.


கல்லும் தாரும்:

வீதி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். திணைக்களம் எது என்று சொல்லத் தேவையில்லை.

எல்லோரும் வாகனத்தைப் பற்றிச் சொன்னீர்கள், ரோட்டைப் பற்றி நான் சொல்கிறேன். யுத்த காலத்தில் ரோட்டு பழுதாவது குண்டால் என்று நினைப்பார்கள். குண்டால் போனது பாலமும் மதகும். ரோட்டைத் தின்றது மழை. மாரி வெள்ளம் வருடா வருடம் வரும், அதற்குப் பிறகு திருத்த வேண்டும். திருத்தக் கல் வேண்டும். கல் உடைக்க வெடிமருந்து வேண்டும். அந்தக் காலத்தில் மட்டக்களப்பில் வெடிமருந்துக்கு அனுமதி எடுத்துப் பாருங்கள்! கல் இல்லை என்றால் தார் இருந்தும் பயனில்லை. கிறவலைக் கொட்டி நிரப்புவோம், அடுத்த மாரிக்கு அது வயலுக்குள் போகும். தார் பரல்கள் வந்தன, ஆனால் ரோட்டுக்கு இல்லை. மண் நிரப்பி சென்றிக்கு முன்னால் வளைத்து வளைத்து வைத்தார்கள்.

செங்கலடியில் இருந்து பதுளை போகிற ஏ5 ரோட்டைப் பாருங்கள். ஒரு காலத்தில் மலைநாட்டு மரக்கறி அதில்தான் இறங்கியது, எங்கள் நெல்லும் கருவாடும் அதில்தான் ஏறியது. கறுப்புப் பாலத்தோடு அது அறுந்தது. மரக்கறி வெலிக்கந்தைப் பக்கத்தால் சுற்றி வரத் தொடங்கியது. ரோட்டைத் திறந்த பிறகும் வியாபாரம் முழுதாகத் திரும்பவில்லை. ஏன்? இடையில் தம்புள்ளைச் சந்தை வளர்ந்துவிட்டது, வியாபாரிக்கு அங்கே கணக்கு வழக்கு, கடன் பழக்கம் எல்லாம் ஏற்பட்டுவிட்டது. ரோட்டை மூன்று வருடத்தில் போடலாம். அறுந்த கொடுக்கல் வாங்கலுக்குத் தார் போட முடியாது.

திருகோணமலைக்கு ஏ15 வழியாக 130 கிலோமீட்டர் வரும். வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா. பாதைத் துறைகளும் உடைந்த பாலங்களுமாக இருந்ததாலும், அந்தப் பக்கம் சண்டை நடந்ததாலும், ஹபரணை சுற்றி 200க்கு மேல் போனார்கள். 2007 ஜனவரியில் வாகரை, ஜூலையில் குடும்பிமலை என்று இராணுவம் பிடித்த பிறகுதான் அந்த ரோட்டில் வேலை தொடங்க முடிந்தது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது, 396 மீற்றர். இன்றைக்குக் காலையில் போய் அலுவல் முடித்துவிட்டுப் பின்னேரம் திரும்பலாம். மாடு குறுக்கே வராவிட்டால்.

யுத்தம் முடியும் வரைக்கும் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதும் சரியில்லை. மன்னம்பிட்டியில் ஜப்பான் உதவியில் கட்டிய புதுப் பாலம் 2007 ஒக்டோபரில் திறந்தது. வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. ரயிலையும் ரோட்டையும் பிரித்ததே பெரிய காரியம். கல்லடியில் 1924இல் கட்டிய லேடி மனிங் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போகும்; தெற்கே போகிற அவ்வளவு சனமும் அந்த ஒரு ஒற்றைப் பாலத்தில் தொண்ணூறு வருடம் ஓட்டியது. பக்கத்தில் புதுப் பாலம் 2013இல். மண்முனை 2014இல், 210 மீற்றர், அதுவும் ஜப்பான் உதவி.

ஒலுவில் துறைமுகமும் 2013இல் திறந்ததுதான். டென்மார்க் கடன். மண் மூடியது, பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது, கப்பல் வந்து சாமான் இறக்கும் என்று எதிர்பார்த்த லொறிக்காரர் இன்னும் எதிர்பார்க்கிறார்கள். அபிவிருத்தி என்று கொங்கிறீட் போட்டதெல்லாம் போக்குவரத்து ஆகாது என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.


சும்மா வந்தவன்:

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போதைய பிரச்சினையையும் யாராவது எழுதுங்கள். எங்கள் ஊரில் காப்பெட் ரோட் வந்து பஸ் நின்றுவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ரோட்டு நல்லதானதும் எல்லோரும் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்தார்கள், ஆட்டோ எடுத்தார்கள். பஸ்ஸுக்கு ஆள் இல்லை என்று பின்னேரத்து ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். எங்கள் உம்மம்மா ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய்விட்டு வர ஆட்டோவுக்கு மட்டும் 2000 ரூபாய் கொடுக்கிறார். யுத்த காலத்தில் கூட ஒரு அரசாங்க சிடிபி பஸ் குலுங்கிக் குலுங்கி வந்தது என்று பேசுகிறார்.


படுவான்கரை வாத்தியார்:

சும்மா வந்தவர் இன்றைக்குத்தான் சும்மா வரவில்லை.

அதோடு இன்னொன்றைச் சேருங்கள். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவில் இன்னமும் பாதைதான். மண்டூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்கு அவ்வளவு சனமும் அதில்தான் ஏறுகிறது. அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் அப்படியே. பாலம் வரும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் வருகிறது. காற்று பலத்தால் பாதை நிற்கும், வெள்ளம் வந்தால் நிற்கும். நிற்கும்போது வெல்லாவெளி, பட்டிருப்பு சுற்றிப் போக வேண்டும். ஆசிரியர்கள் இன்றைக்கும் அதில் மோட்டார் சைக்கிளை ஏற்றி வந்துதான் படிப்பிக்கிறார்கள். இப்போது சென்றி இல்லை, கையெழுத்து இல்லை. ஆனால் இறக்கு இருக்கிறது.


வந்தாறுமூலை வாசகி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று தரம் வாசித்தேன், அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். 12 பக்கத்தில் நாலு பக்கத்தை அழித்துவிட்டேன். ஒப்படையை 'இறக்கு' என்ற ஒரு சொல்லை வைத்துத் திரும்ப எழுதப் போகிறேன். உக்ரைன் எல்லையில் எத்தனை, எங்கள் வாவியில் எத்தனை, யார் அதற்குக் கூலி வாங்கினார்கள், யார் கொடுத்தார்கள், யுத்தம் முடிந்து எது போனது, எது மிஞ்சியது. காக்கா சொன்னதற்கு ஒரு தனிப் பகுதி வைக்கிறேன்: ஒரே ஊர், ஒரே சாமான், பெயரைப் பொறுத்து வழி.

ஒரு சந்தேகம் மட்டும். கிளீனர் ஐயா, ஒரு இறக்கில் நாட்டாமைமார் எத்தனை பேர் நிற்பார்கள்? அவர்கள் எந்த ஊர் ஆட்கள்? சாவடி எடுக்கப்பட்ட பிறகு என்ன தொழிலுக்குப் போனார்கள்? அதை ஒருவரும் எழுதவில்லை.


பழைய கிளீனர்:

நல்ல கேள்வி கேட்டாய். ஆறு, எட்டுப் பேர் நிற்பார்கள். சாவடி எங்கே இருக்கிறதோ அந்த ஊர்ப் பொடியன்கள். வயல் செய்ய முடியாதவன், கடலுக்குப் போகத் தடை விழுந்தவன், இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்தில் இருந்தவன். மூட்டையைத் தொட்டதும் அது யாருடைய சாமான், எவ்வளவு கூலி கேட்கலாம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களோடு நாங்கள் சண்டை பிடிக்காத நாள் இல்லை, அவர்கள் தந்த தேத்தண்ணி குடிக்காத நாளும் இல்லை.

2002இல் சண்டை நின்று இறக்கு குறைந்தபோது ஒருவன் என்னிடம் கேட்டான், "அண்ண, சமாதானம் வந்தா எங்களுக்கு என்னண்ண வேலை?" என்று. சிரித்தேன். பதில் சொல்லவில்லை. பிறகு 2004 கடைசியில் சுனாமி வந்தபோது, நிவாரண லொறி இறக்க அவனையே கல்லடியில் கண்டேன். அதற்குப் பிறகு காணவில்லை.


வந்தாறுமூலை வாசகி:

இதையும் எழுதுகிறேன் ஐயா.

சனிக்கிழமை அப்பாவோடு குருமண்வெளித் துறைக்குப் போகிறேன். நின்று எண்ணப் போகிறோம், எத்தனை சைக்கிள், எத்தனை மோட்டார் சைக்கிள், யார் என்ன கொண்டு போகிறார்கள் என்று. அப்பா பட்டிருப்பு சீமெந்துக் கதையை அங்கே வைத்துத்தான் சொல்லுவாராம்.


படுவான்கரை வாத்தியார்:

நான் மண்டூர்க் கரையில் நிற்கிறேன் மகள். அந்தப் பக்கம் ஏறுவதை நீ எண்ணு, இந்தப் பக்கம் ஏறுவதை நான் எண்ணித் தருகிறேன். விடிய ஆறு மணிக்கு வந்துவிடு. பிறகு வந்தால் மரக்கறிக்காரர் போயிருப்பார்கள்.